நிறுவை பிழைத்தால் சவர்க்காரமும் சுடும்

(தோட்ட மாதர் குழுவின் ஞாயிறு கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் நீங்கள் கேட்டீர்கள்: "சவர்க்காரத்தை நாமளே செய்ய முடியாதா?" 10 ஆம் திகதி வாங்கும் சம்பளத்தில் அரிசி, மா, கடைக் கடன் எல்லாம் போக மிஞ்சுவதில்தான் சவர்க்காரம் வாங்குகிறோம். 2022 நெருக்கடியில் ஒரு கட்டியை வெட்டி இரண்டு வீடு பாவித்ததை நாம் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் பார்க்கிறோம். திங்கட்கிழமை வராத பிள்ளை மறுநாள் வந்து, "சட்டை தோய்க்கல டீச்சர்" என்று தலையைக் குனிகிறது.

சவர்க்காரம் செய்ய முடியும். ஆனால் அது சமையல் இல்லை. கண்ணளவு, கையளவு இங்கே உதவாது.

நாங்கள் முதல் தடவை செய்தபோது எண்ணெயைப் போத்தலாலும் காஸ்டிக் சோடாவைக் கரண்டியாலும் அளந்தோம். கட்டி நன்றாகத்தான் வந்தது. தோய்த்த கை இரண்டு நாள் எரிந்தது. அத்தனையையும் கைவிட வேண்டியதாயிற்று. காரணம் எளிது. எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்துதான் சவர்க்காரமாகவும் கிளிசரினாகவும் மாறுகின்றன. காஸ்டிக் கூடினால், மிஞ்சியது கட்டிக்குள்ளேயே இருந்து தோலை அரிக்கும். அரை லீட்டர் தேங்காய் எண்ணெய் 500 கிராம் அல்ல, ஏறக்குறைய 460 கிராம்தான். கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைந்தால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கேயும் நிறுவைதான் எல்லாம்.

ஆகவே கிராம் காட்டும் தராசு ஒன்றைக் குழுவுக்குப் பொதுவாக வாங்குவோம். அளவு இதுதான்:

தேங்காய் எண்ணெய் 500 கிராம்
காஸ்டிக் சோடா 85 கிராம்
தண்ணீர் 190 கிராம்

இந்த அளவு தேங்காய் எண்ணெய்க்கு மட்டும். வேறு எண்ணெய்க்குக் காஸ்டிக்கின் அளவு மாறும். அப்பச் சோடாவும் சலவைச் சோடாவும் இதற்கு ஆகாது. பொதியில் சோடியம் ஐதரொட்சைட்டு என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

செய்யும் நாளில் பிள்ளைகள் பக்கத்தில் வரக்கூடாது. லயத்துக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் செய்வோம். இறப்பர் கையுறை, கண்ணாடி, நீளக்கைச் சட்டை வேண்டும். அலுமினியச் சட்டி, அலுமினியக் கரண்டி வேண்டவே வேண்டாம். காஸ்டிக் அலுமினியத்தை அரித்து, தீப்பற்றும் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் பாத்திரமும் மரக்கரண்டியும் போதும்.

தண்ணீரை முதலில் வைத்து, காஸ்டிக்கைச் சிறிது சிறிதாக அதில் போட்டுக் கலக்குங்கள். காஸ்டிக்கின் மேல் ஒருபோதும் தண்ணீரை ஊற்றாதீர்கள். கொதித்துத் தெறிக்கும். கலக்கும்போது அடுப்பில் வைக்காமலே சூடேறி ஆவி கிளம்பும். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பிறகு இளஞ்சூடாகும்வரை ஆறவிடுங்கள்.

நம் மலைக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும். உருக்கி, அதையும் இளஞ்சூட்டில் வைத்து, காஸ்டிக் தண்ணீரை மெதுவாக எண்ணெயில் ஊற்றிக் கிண்டுங்கள். கையால் கிண்டினால் ஒரு மணித்தியாலம்கூட எடுக்கலாம். கரண்டியிலிருந்து வழிவது மேலே கோடாகத் தங்கி நின்றால் அதுதான் பதம். பிளாஸ்டிக் ஐஸ்கிரீம் பெட்டியில் ஊற்றிவிடுங்கள். தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் சீக்கிரம் இறுகும். முற்றாக இறுகினால் வெட்டும்போது நொறுங்கும். ஆகவே காலையில் ஊற்றினால் மாலையிலேயே பார்த்து, கட்டியானதும் கையுறையோடு 7 துண்டாக வெட்டுங்கள். காற்றுப்படும் இடத்தில் 4 கிழமை காயட்டும். மழைக்காலம் என்றால் 6 கிழமை. இது துணிக்கும் கைகழுவவும். கைக்குழந்தைக்கு வேண்டாம்.

காஸ்டிக் தோலில் பட்டால் உடனே பீலித் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவுங்கள். தேசிக்காயும் வினாகிரியும் பூசாதீர்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே கொண்டு ஓடவேண்டும். மிச்சக் காஸ்டிக்கை எந்தக் காரணத்துக்கும் குடிபானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பெயர் எழுதி, பூட்டி வையுங்கள்.

தோழர்களே, இன்னும் இரண்டு விடயம்.

ஒன்று, இலாபமா என்று முதலில் கணக்குப் பார்ப்போம். எண்ணெய் விலை, காஸ்டிக் விலை இரண்டையும் கூட்டி 7 ஆல் பிரியுங்கள். கடைக் கட்டியைவிட அது கூடினால் அந்த மாதம் செய்யவேண்டாம். தேங்காய் எண்ணெய் விலை ஏறியிருந்தால் அப்படித்தான் வரும். இதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இரண்டாவது, "இவர்களே சவர்க்காரம் செய்கிறார்கள், சமாளித்துக்கொள்வார்கள்" என்று யாரும் சொல்ல நாம் இடம் வைக்கக்கூடாது. 2021 இல் 1000 ரூபாயும், 2024 இல் 1350 ரூபாயும் நாட்சம்பளமாக வந்தது, நாம் கேட்டுப் போராடியதால். மருந்தடிக்கும் தோழருக்குச் சவர்க்காரமும், கைகழுவத் தண்ணீரும், மாற்று உடுப்பும் நிர்வாகமே தரவேண்டும் என்பது நம் கோரிக்கை. நாம் செய்யும் கட்டியை அதற்குப் பதிலாகக் கொடுக்கமாட்டோம்.

அடுத்த ஞாயிறு தராசைக் கொண்டுவருவோம். எண்ணெய்யை நிறுக்கப் போவது நாங்களல்ல, நீங்கள். எண்ணை ஒவ்வொருவரும் வாய்விட்டு வாசிக்கவேண்டும். 85 என்று தராசில் வாசிக்கப் பழகிய கண், நாளைக்கு மலையில் கொழுந்துத் தராசின் எண்ணையும் வாசிக்கும். துண்டில் எழுதிய கிலோ அதோடு ஒத்துவராவிட்டால், அங்கேயே கேட்கும்.