இருண்ட வில்லையும் பிந்திய கண்ணும்



கவிதை பேசும் மேடைக்கு ஒருவன் எலுமிச்சம்பழமும் நூலுமாக வந்து நிற்பதைப் பொறுத்தருள வேண்டும். பழத்தை ஒரு முழ நூலில் கட்டி, நண்பர் ஒருவரை உங்கள் எதிரே இடமும் வலமுமாக ஒரே கோட்டில் ஆட்டச் சொல்லுங்கள். சற்றுத் தள்ளி நின்று, கறுப்புக் கண்ணாடியின் ஒரு வில்லையை வலக்கண்ணுக்கு முன் மட்டும் பிடித்து, இரு கண்களாலும் நோக்குங்கள். நேர்கோட்டில் ஆடும் பழம் நீள்வட்டமாய்ச் சுழலும். வலப்புறம் செல்கையில் உங்களை நெருங்கும். இடப்புறம் மீள்கையில் விலகும். வில்லையை இடக்கண்ணுக்கு மாற்றினால் சுழற்சியும் திசை மாறும். நூலைப் பிடித்திருப்பவரோ, தாம் நேராகத்தான் ஆட்டுவதாகச் சத்தியம் செய்வார். அவர் சொல்வது மெய்யே.

ஒளி மங்கினால் விழித்திரை தாமதமாகவே மறுமொழி தருகிறது. கறுப்பு வில்லையால் நேரும் தாமதம் நொடியில் நூறில் ஒரு பங்கு என்ற அளவினது. ஆயினும் அதற்குள் பழம் நகர்ந்துவிடுகிறது. இடக்கண் பழத்தின் இப்போதைய இடத்தைச் சொல்ல, வலக்கண் சற்று முன்பிருந்த இடத்தைச் சொல்லுகிறது. ஒரே பொருள் இரு கண்களுக்கும் வெவ்வேறிடத்தில் தோன்றினால் அதைத் தொலைவின் கணக்காகக் கொள்வதே மூளையின் பழக்கம். காலத்தில் நேர்ந்த பிழையை அது இடத்தில் எழுதிவிடுகிறது. அசையாப் பொருளிடம் இந்த மயக்கம் எழாது.

இதனை 1922-இல் விளக்கி வெளியிட்டவர் ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கார்ல் புல்ஃப்ரிச். இரட்டைப் படங்களை ஒப்பிட்டு அளக்கும் கருவியை அமைத்தவர் அவர். அத்தகைய கருவியில் படங்களை நகர்த்துகையில், அளவுக்குறி தளத்தைவிட்டு முன்னும் பின்னும் போவதாகத் தோன்றிற்று. அதன் காரணத்தைக் கண்டவர் உடன் பணியாற்றிய ஃபெர்ட்ஷ் என்பதைப் புல்ஃப்ரிச்சே ஒளிக்காமல் எழுதினார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் ஒன்று: புல்ஃப்ரிச்சுக்கு ஒரு கண்ணில் பார்வையில்லை. உலகம் அவர் பெயரால் வழங்கும் அக்காட்சியை அவர் கண்டதேயில்லை. பிறர் கண்டு சொல்லக் கேட்டே எழுதினார்.

1993-இல் பிரிட்டனின் பிபிசி, 'டாக்டர் ஹூ' நாடகத்தின் சிறப்புக் காட்சியில் இவ்வுத்தியைக் கையாண்டது. அது வேடிக்கை. கறுப்பு வில்லையே இன்றி இம்மயக்கத்தோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள் என்பதே நாம் எண்ணிப்பார்க்க வேண்டியது. ஒரு கண்ணில் மட்டும் புரை வளர்ந்தவர்க்கும், பார்வை நரம்பில் அழற்சி கண்டவர்க்கும் இது நேரலாம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே செல்லும் வண்டி, நொடியின் நூறிலொரு பங்கில் 10 சென்டிமீட்டர் கடந்துவிடும். சாலையோரம் நிற்கும் அம்முதியவர் வண்டி நெருங்குகிறதா விலகுகிறதா என்று தடுமாறுவார். வீட்டார் அதை வயதின் தடுமாற்றம் என்பர். கண் மருத்துவரிடமும் அவர் இதை எந்தச் சொல்லால் சொல்வார்? சுவரில் அசையாது நிற்கும் எழுத்துகளை அவர் சரியாகப் படித்துவிடக்கூடும்.

நரம்பின் கோளாற்றால் இவ்வாறு துன்புறுவோர்க்குச் செய்யும் உதவி விந்தையானது. நலமாயுள்ள கண்ணுக்கு முன் நிறமேற்றிய வில்லையைப் பொருத்துவர். அதனையும் சற்றுப் பிந்தவைத்தால் இரண்டும் சேர்ந்து நடக்கும்.

பழமும் நூலும் மேசைமேல் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் வாருங்கள். கறுப்புக் கண்ணாடியும் கொண்டுவந்திருக்கிறேன்.