அடிச்சட்டத்தின் நேர்மை



கொல்கத்தாவின் பவானிபூர்ப் பகுதியில், எல்ஜின் சாலையில், நேதாஜி பவனம் இருக்கிறது. அங்கே காட்சிக்கு நிறுத்தப்பட்டுள்ள வாண்டரர் என்னும் ஜெர்மானிய மோட்டார் வண்டியை நம்மிற் பலர் கண்டிருப்போம். 1941-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் நள்ளிரவு கடந்த பின், காவலில் இருந்த சுபாஷ் சந்திர போஸ் மாறுவேடம் பூண்டு இவ்வண்டியில் ஏறினார். அண்ணன் மகன் சிசிர் குமார் போஸ் அதனை ஓட்டிச் சென்று, ஏறத்தாழ 300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோமோ ரயில் நிலையத்தில் அவரைச் சேர்த்தார். பிற்காலத்தில் செப்பனிடப்பட்ட அவ்வண்டியை 2017 ஜனவரியில் அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி திறந்து வைத்தார்.

காண வருவோரின் கண் வண்டியின் மேற்கூட்டிலேயே நிற்கிறது. ஆனால், அவ்விரவில் பாரத்தைத் தாங்கியதும், சக்கரங்களை நேர்வழியில் நிறுத்தியதும் கண்ணிற்படாத அடிச்சட்டமே. தொழிற்கூடங்களில் 'சேஸிஸ்' என்று வழங்கும் அவ்வுறுப்பைப் பற்றியும், அதனை வீட்டுக் கொட்டகையில் தம் கையால் அமைக்க விரும்பும் இளைஞர் அறியவேண்டியவை பற்றியும் இன்று சிறிது சிந்திப்போம்.

பழைய வண்டிகளின் அடிச்சட்டம், தரையில் கிடத்திய ஏணியை ஒத்தது. இரண்டு நெடுஞ்சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் சில. எஞ்சின், அச்சு, வில், மேற்கூடு யாவும் இதன் மீதே அமைகின்றன. எல்லா வண்டிக்கும் இது தனியே உண்டு என்று எண்ணிவிடலாகாது. உத்தர்பாராவில் 2014 வரை உருவான அம்பாசிடர் வண்டியில் மேற்கூடும் அடிப்பகுதியும் ஒன்றாய்ப் பிணைந்தவை. ஆகவே, கூட்டைக் கழற்றி வேறு கூடு பொருத்தும் வேலைக்கு அது இடந்தராது.

அடிச்சட்டத்தை வீட்டிலேயே திருத்தி அமைக்கும் கலை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வளர்ந்தது. 1930-களில் அங்குள்ள இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டு வண்டிகளின் வேண்டாத பாகங்களைக் கழற்றி எறிந்து, எஞ்சினுக்கு வலிமை கூட்டி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தனர். இத்தகைய வண்டிகளே 'ஹாட் ராட்' எனப் பெயர் பெற்றன. 1932-ஆம் ஆண்டில் வெளிவந்த எட்டுச் சிலிண்டர் ஃபோர்டு அவர்களுக்குக் கிடைத்த பெரும் பேறு. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 106 அங்குலம் கொண்ட அதன் அடிச்சட்டம், இந்நாளிலும் புதிதாகச் செய்வோருக்கு அளவுகோலாக விளங்குகிறது.

இனி, வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்று காண்போம். முதலில் வேண்டுவது இரும்பு அன்று, மட்டமான மேடை. நெடுஞ்சட்டங்களை அசையாமல் பிடித்து நிறுத்தும் வலிய மேடையை அமைத்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த பின்னரே சட்டத்தை அதன்மேல் ஏற்றவேண்டும். மேடை கோணினால் வண்டியும் கோணும்.

அடுத்தது மூலைவிட்டம். மனைக்கு நூல் பிடிக்கும் கொத்தனார், எதிரெதிர் மூலைகளை அளந்து, இரண்டு அளவும் ஒத்தால்தான் மனை சதுரம் என்று ஒப்புவார். அடிச்சட்டத்துக்கும் அதுவே விதி. இடப்புறமும் வலப்புறமும் அச்சிடைத் தூரம் ஒத்திருத்தல் வேண்டும். மூலைவிட்டங்களும் ஒத்திருத்தல் வேண்டும். இவை பிழைத்தால் வண்டி நேராகச் செல்லாமல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே ஓடும்.

மூன்றாவது, முறுக்கைத் தாங்கும் வலிமை. முழு மூங்கிலைக் கையால் முறுக்கிப் பாருங்கள், அசையாது. பிளந்த மூங்கிலோ எளிதில் முறுகும். பழைய வண்டிகளின் நெடுஞ்சட்டம் ஒருபக்கம் திறந்த தகடு. பிளந்த மூங்கிலைப் போன்றது. வலிமை மிக்க எஞ்சினைப் பொருத்துவோர் அத்திறந்த பக்கத்தைத் தகட்டால் அடைத்துப் பெட்டிபோல் ஆக்குவது இதனாலேயே.

நான்காவது, பற்றவைப்பு. வெல்டிங் செய்த இடம் ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது சட்டத்தைத் தன்பக்கம் இழுக்கும். ஒரே மூச்சில் ஒருபக்கம் முழுவதையும் பற்றவைத்தால், காலையில் நேராயிருந்த சட்டம் மாலையில் வளைந்திருக்கும். ஆகவே முதலில் சிறு சிறு பொட்டுகளாக இணைத்து, மீண்டும் அளந்து, பின்பு பக்கம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு ஆறவிட்டுப் பற்றவைக்கவேண்டும். பவானிபூரைப் போன்ற நெருக்கமான குடியிருப்பில் பெட்ரோல் தொட்டியைக் கொட்டகைக்கு வெளியே அகற்றிய பிறகே தீப்பொறி பறக்கும் வேலையைத் தொடங்குதல் வேண்டும் என்பதைச் சொல்லாமலே அறிவீர்கள்.

இவ்வளவும் கற்றவருக்கு ஓர் ஆசை எழுதல் இயல்பு. ஃபோர்டு நிறுவனம் 1926-இல் இந்தியாவில் கிளை தொடங்கி, பம்பாய், சென்னை, கல்கத்தா ஆகிய நகரங்களில் வண்டிகளைக் கோத்து விற்றது. அக்கால வண்டிகள் சில பழைய மாளிகைகளின் கொட்டகைகளில் இன்னும் உறங்குகின்றன. அவற்றுள் ஒன்றை வாங்கி, வெட்டி, விரைவு வண்டி ஆக்கினால் என்ன என்று தோன்றும். இங்கேதான் நாம் நின்று சிந்திக்கவேண்டும்.

2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு விதிகளை வகுத்தது. ஐம்பதாண்டு கடந்த, வணிகப் பயனில் இல்லாத வண்டிக்கு அத்தகுதி உண்டு; ஆயின், அதன் அடிச்சட்டமோ கூடோ எஞ்சினோ பெரிதும் மாற்றப்பட்டிருத்தல் ஆகாது. உற்பத்தியாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றலாகாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. எனவே, பழைய சட்டத்தில் அரம் ஓடும் நாளில் வண்டி தன் தகுதியை இழக்கிறது. அதனோடு ஒரு காலத்தின் சான்றும் மறைகிறது. வெட்டிய இரும்பை மீண்டும் பற்றவைக்கலாம்; வெட்டிய வரலாற்றைப் பற்றவைக்க இயலாது.

அப்படியானால் கைத்திறனுக்கு இடமில்லையா என்று கேட்பீர்கள். இடம் உண்டு. கோயம்புத்தூர்க் கரிவரதன் காட்டிய வழி அது. மாருதி வண்டியின் எஞ்சினையும் பிற உறுப்புகளையும் கொண்டு, புதிய குழாய்ச் சட்டத்தில் ஒருவர் அமரும் பந்தய வண்டிகளை 1980-களில் அவர் உருவாக்கினார். 'ஃபார்முலா மாருதி' என்ற அவ்வகைப் பந்தயத்தில் பயின்றவர்களுள் ஒருவரே, 2005-இல் ஃபார்முலா ஒன் களத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவை அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வண்டிகளுக்காக அவர் பழைய வண்டியின் வரலாற்றை வெட்டவில்லை. புதிய இரும்பில் புதிய சட்டம் செய்தார். பொதுச் சாலையில் அன்று, பந்தயத் தடத்தில் ஓட விட்டார்.

பிற மாநிலங்களில் தொழில் தேடி வந்து வாழும் நம் வீட்டுப் பிள்ளைகளில் இரும்போடு பழகும் கை உடையோர் பலர். அவர்களுக்கு நாம் சொல்லத்தக்கது இதுதான்: பழையதைக் கண்டால் பேணுங்கள்; புதியதை விரும்பினால் புதிய இரும்பில் செய்யுங்கள்; எதைச் செய்தாலும், வெட்டுமுன் இருமுறை அளந்து பாருங்கள். விரைவு எஞ்சினால் வருவது. அவ்விரைவில் உயிரைக் காப்பது, கண்ணுக்குத் தெரியாமல் கீழே கிடக்கும் சட்டத்தின் நேர்மை.