பல் சிகிச்சையும் வீண் அச்சமும்

(மதுரை வட்டாரக் கிராமங்களைச் சேர்ந்த மகளிர் குழுவினரிடையே ஆற்றிய உரை)

பல் போனால் சொல் போச்சு என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். சொல்லோடு சோறும் போகிறது என்பதையும் நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடைவாய்ப் பற்களை இழந்த முதியவர் முதலில் கரும்பையும் முறுக்கையும் விடுகிறார். பிறகு பயறு, காய்கறி, கறி ஆகியவற்றை ஒதுக்குகிறார். முடிவில் கஞ்சியும் குழைந்த சோறுமே அவருக்கு ஆகாரமாகின்றன. அவர் இளைத்துப் போவதற்கு வயதே காரணம் என்று வீட்டார் எண்ணுகின்றனர். அவர் வாயைத் திறந்து பார்ப்பவர் எவருமில்லை.

வாடிப்பட்டி, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி ஆகிய பகுதிகளிலிருந்து பல் வைத்தியர்களாகிய எங்களிடம் வருவோரில் பலர், இரண்டு மூன்று இரவுகள் உறக்கமின்றித் தவித்து, கன்னம் வீங்கிய பின்னரே வருகின்றனர். அதற்குள் கிராம்புத் தைலம், புகையிலைக் காம்பு, எருக்கம்பால் முதலியவற்றை வைத்துப் பார்த்து, ஈறும் கன்னமும் வெந்திருக்கும். வந்தவுடன், "பிடுங்கி விடுங்கள்" என்கிறார்கள். ஓராண்டுக்கு முன்பு வந்திருந்தால் அரைமணி நேரத்தில் அடைத்துக் காப்பாற்றியிருக்கக் கூடிய பல் அது.

ஏன் இத்தனை தாமதம்? கூலி வேலையை விட்டு வர இயலாமை ஒரு காரணம். செலவைப் பற்றிய கவலை மற்றொரு காரணம். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய காரணம் அச்சமே. அந்த நாற்காலியில் அமர்ந்தால் என்ன செய்வார்கள், எவ்வளவு வலிக்கும், பிறகு என்ன ஆகும் என்பவை தெரியாததால் வரும் அச்சம் அது. ஆதலால் பல் துலக்கும் முறையைப் பற்றி நீண்ட உபதேசம் செய்யாமல், சிகிச்சையின்போது என்ன நடக்கிறது என்பதையே இன்று சொல்ல விரும்புகிறோம்.

கண்ணுக்கும் பல்லுக்கும் தொடர்பு உண்டா?

"மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்" என்ற பேச்சு நம் கிராமங்களில் வேரூன்றியிருக்கிறது. இது உண்மையன்று. பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு. பார்வைக்குரிய நரம்பு வேறு. பார்வை நரம்பு கண்ணின் பின்புறத்திலிருந்து நேரே மூளைக்குச் செல்கிறது. எந்தப் பல்லின் வேரையும் அது தொடுவதில்லை. ஐம்பது, அறுபது வயதில் பற்கள் விழுகின்றன. அதே வயதில் கண்ணில் புரையும் வளர்கிறது. ஒரே காலத்தில் வந்த இரண்டையும் மக்கள் முடிச்சுப் போட்டு விட்டனர்.

கண்ணைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று சொல்லலாம். ஒரு காலத்தில் கண்புரை அறுவை சிகிச்சை என்றாலே நம் மக்கள் நடுங்கினர். 1954ஆம் ஆண்டில் மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1956 முதல் அங்குக் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை வகித்த டாக்டர் கோ. வெங்கடசாமி, கிராமங்களைத் தேடிச் சென்று கண் சிகிச்சை முகாம்கள் நடத்தினார். பணி ஓய்வுக்குப் பின் 1976இல் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று நம் ஊர்ப் பாட்டிமார் சிறிதும் தயங்காமல் முகாம் பேருந்தில் ஏறிச் சென்று, புரையை நீக்கிக்கொண்டு திரும்புகின்றனர். போய் வந்த அயலார் நடந்ததைச் சொன்னார்கள். கேட்டவர்களுக்கு அச்சம் நீங்கியது. கண்ணுக்கு வந்த துணிவு பல்லுக்கும் வர வேண்டும்.

முதலில் மரத்துப் போகும் ஊசி

வலியின்றி அறுவை செய்ய முடியும் என்பதை 1846இல் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில் உலகறியச் செய்து காட்டிய மார்ட்டன் என்பவர் ஒரு பல் வைத்தியரே. பல் சிகிச்சையில் இன்று பெரிதும் வழங்கும் லிக்னோகேயின் என்னும் மருந்து, 1943ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில் உருவாக்கப்பட்டது. இதை ஈற்றில் ஊசி வழியாகச் செலுத்துகிறோம். ஊசி குத்தும்போது எறும்பு கடித்தது போன்ற வலி சில நொடிகள் இருக்கும். சில நிமிஷங்களில் உதடும் நாக்கும் தடித்தது போலத் தோன்றி அவ்விடம் மரத்துவிடும். அழுத்துவது தெரியும், வலி தெரியாது. வலித்தால் கையை உயர்த்துங்கள். நிறுத்தி, மேலும் மருந்து கொடுப்போம். இரண்டு மூன்று மணி நேரத்தில் மரமரப்பு தானே நீங்கும். அதுவரை எதையும் மென்று தின்னலாகாது. உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக் கொள்ள நேரிடும். குழந்தைகளை அந்நேரம் தாய்மார் அருகிலிருந்து கவனிக்க வேண்டும்.

இவ்வாறு அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்யும் சிகிச்சைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. உணவு உண்டு, வழக்கமான மாத்திரைகளையும் உட்கொண்டு வருவதே நல்லது. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, இருதய நோய் உள்ளவர்களும், கருவுற்றிருப்போரும், மருந்து ஒவ்வாமை உள்ளவர்களும் அதனை மறையாமல் சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோர் தாமாக அதை நிறுத்துவது ஆபத்து. மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டு வாருங்கள். கருவுற்ற பெண்களுக்கு நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை சிகிச்சைக்கு வசதியான காலம்.

பல் சுத்தம் செய்தல்

பல்லடியில் தங்கும் அழுக்கு நாளடைவில் சுண்ணாம்புக் காரை போல இறுகிவிடுகிறது. அதன்பின் வேப்பங்குச்சியாலும் பிரஷ்ஷாலும் அதை அகற்ற முடியாது. ஈறு வீங்கி, இரத்தம் கசிந்து, பல்லைத் தாங்கும் எலும்பும் கரைகிறது. இதனால் பல் வலியின்றியே ஆட்டங்காணும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது விரைவில் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும்.

அதிரும் முனையுள்ள கருவியால் நீரைப் பீய்ச்சி இக்காரையைப் பெயர்த்து எடுக்கிறோம். சிறிது இரத்தம் வரும். கூச்சம் சில நாட்கள் இருக்கும். காரை இருந்த இடம் வெறுமையாவதால் பல்லிடையே சந்து விழுந்தாற்போல் தோன்றும். "சுத்தம் செய்ததால் பல் ஆடுகிறது" என்று சிலர் வருந்துவர். எலும்பு கரைந்து முன்பே ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காரை பிடித்து வைத்திருந்தது, அவ்வளவே.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு உள்ள இடங்களில் வளரும் பிள்ளைகளுக்குப் பற்கள் பழுப்பேறிப் போகும். இந்தக் கறை பல்லினுள்ளே ஊறியது. சுத்தம் செய்வதால் போகாது. செங்கற்பொடி, சாம்பல், கரி கொண்டு தேய்த்தால் பல்தான் தேயும். குடிநீரைப் பரிசோதித்து, நல்ல நீருக்கு வழி காண்பதே ஊராட்சி செய்ய வேண்டிய காரியம்.

பல் அடைத்தல்

இனிப்பைத் தின்னும் கிருமிகள் வாயில் புளிப்பை உண்டாக்குகின்றன. அப்புளிப்பு பல்லின் மேல்தோலை அரிக்கிறது. கறுத்த சிறு குழி தோன்றும்; வலி இராது. இதுவே வைத்தியரிடம் வர வேண்டிய காலம். கெட்ட பகுதியைச் சுரண்டி எடுத்து, சிமெண்டாலோ பல் நிறமுடைய பசையாலோ அடைத்து விடலாம். ஒரே வருகையில் முடிந்துவிடும். குளிர்ந்த நீர் பட்டால் சில நாட்கள் கூசலாம். கடிக்கும்போது அடைப்பு உயரமாக இருப்பதாகத் தோன்றினால் திரும்ப வந்து சொல்லுங்கள். தேய்த்துச் சமன் செய்வோம்.

மின்கருவி இல்லாத இடத்திலும் கைக்கருவிகளால் மட்டுமே பல்லைச் சுரண்டி அடைக்கும் முறையொன்று, 1980களின் நடுவில் ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. பள்ளிக்கூடத்து வராந்தாவில், மேசை மீது குழந்தையைப் படுக்க வைத்துச் செய்யக்கூடிய எளிய முறை இது.

குழந்தைகளைப் பற்றி மற்றொரு செய்தி. பாற்பற்கள் இருபதும் விழுந்து முளைக்கும். ஆனால் ஆறு வயதில், பாற்பற்களுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் தாய்மார் இதையும் பாற்பல் என்று எண்ணி அசட்டையாக இருந்து விடுகின்றனர். இது விழுந்தால் மறுபடி முளைக்காது. ஆயுள் முழுவதற்கும் உரிய பல் இது.

வேர்ச்சிகிச்சை

குழி ஆழ்ந்து, பல்லினுள் இருக்கும் நரம்பைத் தொட்டால் இரவில் வலி எழும், படுத்தால் மிகும். இந்நிலையில் மேலே அடைப்பதால் பயனில்லை. பல்லை மரக்கச் செய்து, சிறு துளையிட்டு, கெட்ட நரம்பை மெல்லிய கம்பிகளால் அகற்றி, வேரின் உட்குழாயைக் கழுவி நிரப்புவதே வேர்ச்சிகிச்சை. எக்ஸ்ரே படம் எடுத்து வேரின் நீளம் பார்ப்போம். ஒரு வருகையிலோ, இரண்டு மூன்று வருகைகளிலோ முடியும். பிறகு சில நாட்கள் கடிக்கும்போது வலி இருக்கும், மாத்திரையில் தணியும்.

முதல் வருகையிலேயே வலி நின்று விடுவதால் பலர் மறுபடி வருவதில்லை. பாதியில் விட்ட பல் சில மாதங்களில் சீழ் கட்டும். சிகிச்சை முடிந்த கடைவாய்ப் பல் எளிதில் பிளவுபடும் இயல்புடையது. அதன்மேல் உறை போட்டுக்கொள்வது பெரும்பாலும் அவசியம். ஆகும் செலவு முழுவதையும் தொடக்கத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பல் பிடுங்குதல்

காப்பாற்ற இயலாத பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும். மரக்கச் செய்து எடுப்பதால் இழுப்பதும் நெரிவதும் மட்டுமே தெரியும். பிடுங்கிய இடத்தில் வைக்கும் துணிச்சுருளை முக்கால் மணி நேரம் இறுகக் கடித்திருங்கள். அன்று முழுவதும் எச்சில் துப்பலாகாது, வாய் கொப்பளிக்கலாகாது, சூடாக எதையும் அருந்தலாகாது, பீடி, புகையிலை கூடவே கூடாது. குழியில் உறையும் இரத்தமே இயற்கை இடும் கட்டு. துப்பினால் அது பெயர்ந்து போகும். எச்சிலில் இலேசாகச் சிவப்பு தெரிவது இயல்பு. இரத்தம் நில்லாமல் பெருகினால் திரும்பி வர வேண்டும். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்பு நீரால் மெல்லக் கொப்பளிக்கலாம். இரண்டு மூன்று நாட்களுக்குப் பின் வலி தணியாமல் மிகுந்தால் குழி உலர்ந்துவிட்டது என்று பொருள். மருந்து வைத்தால் குணமாகும்.

பல் கட்டுதல்

எல்லாப் பற்களையும் இழந்தவர்களுக்குக் கழற்றி மாட்டும் பல் செட் உண்டு. புண் ஆறி, ஈறு சுருங்கி அமைந்த பின்னரே அளவெடுப்பது வழக்கம். முதல் சில வாரங்கள் பேச்சுக் குழறும், எச்சில் ஊறும், ஓரிரு இடங்களில் உறுத்தும். உறுத்தும் இடத்தை நீங்களே கத்தியால் செதுக்காமல் எங்களிடம் கொண்டு வாருங்கள். முதலில் மெல்லிய உணவு, பிறகு கெட்டியான உணவு என்று பழக வேண்டும். இரவில் கழற்றி நீரில் போட்டு வைக்க வேண்டும். புதுப்பல் சொந்தப் பல்லுக்கு ஈடாகாது. மேலூர்ச் செங்கரும்பைக் கடிக்கலாம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஆயினும் சோற்றையும் காய்கறியையும் மென்று உண்ண உதவும்.

சந்தையிலும் சாலையோரத்திலும் ஒரு மணி நேரத்தில் "நிரந்தரப் பல்" ஒட்டித் தருவோரிடம் ஏமாற வேண்டாம். அவர்கள் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டிவிடுவதால், அடியில் சீழ் பிடித்து நல்ல பற்களும் போய்விடும். பதிவு பெற்றவரே பல் வைத்தியம் செய்ய வேண்டும் என்னும் விதி 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே நம் நாட்டில் வந்தது.

நாள் கடத்தலாகாத அறிகுறிகள்

தாடைக்கடியில் வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, விழுங்கவும் மூச்சு விடவும் சிரமம் ஆகியவை காணப்பட்டால் விடியும் வரை காத்திராமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பற்சீழ் கழுத்தில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவது வலியை மறைக்குமேயன்றி நோயைத் தீர்க்காது.

இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெண்மையான படை, நாளுக்கு நாள் வாய் திறப்பது குறைதல் ஆகியவை புற்றுநோயின் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். சோழவந்தான் வெற்றிலைக்குப் பெயர் பெற்ற சீமை நம்முடையது. வெற்றிலையோடு சேரும் புகையிலை கெடுதல் என்பதைப் பலரும் அறிவர். புகையிலை இல்லாவிடினும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் அறிவித்ததை அறிந்தவர் சிலரே. வலி இல்லையே என்று இப்புண்களை வளர விடாதீர்கள்.

தாய்மார்களே! முன்னாளில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என வழங்கி, இன்று அரசு இராஜாஜி மருத்துவமனை எனப் பெயர் பெற்றுள்ள மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பல் பிரிவு உண்டு. உங்களுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் பல் வைத்தியர் எந்தெந்த நாட்களில் இருக்கிறார் என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டறிந்து, உங்கள் குழுக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிவியுங்கள். மாதம் ஒரு முறை பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, வாயைத் திறக்கச் செய்து, கறுத்த குழி ஏதேனும் உண்டா என்று பாருங்கள். வலி வருமுன் வருவோருக்குச் சிகிச்சையும் சுருக்கம், செலவும் சுருக்கம். சிகிச்சை பெற்றுத் திரும்பியவர்கள் நடந்ததை நடந்தபடி அண்டை வீட்டாருக்குச் சொல்லுங்கள். எங்கள் பேச்சைக் காட்டிலும் உங்கள் வாய்ச்சொல்லே கிராமத்தில் அச்சத்தைப் போக்க வல்லது.