பட்டாளத்துக்காரர் சொல்லாமல் விட்டது



போரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தளபதிகளைப் பற்றிப் பேசுவார்கள். நான் இன்று பேச வந்தது முன்வரிசையில் கிடந்த சாதாரணச் சிப்பாயைப் பற்றி. தான் கண்டதையும் பட்டதையும் அவன் தன் வாயால் சொன்ன சொல் நம்மிடம் எவ்வளவு இருக்கிறது? இந்தக் கேள்வியைச் சின்னமனூரில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

இந்த ஊரின் பெயர் வரலாற்று நூல்களில் செப்பேடுகளால் நிலைத்தது. மூன்றாம் இராசசிம்ம பாண்டியன் காலத்துப் பெரிய செப்பேடு 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாண்டியர் விழிஞத்தில் வென்றதும் சிங்களத்தில் வென்றதும் குடமூக்கு என்ற இன்றைய கும்பகோணத்தில் பல அரசர்களை ஒருசேர எதிர்த்ததும் அதில் வருகின்றன. வெற்றிகள் எல்லாம் அரசர் பெயரில் இருக்கின்றன. விழிஞம் வரை கால்கடுக்க நடந்தவனின் குரலை அங்கே தேட முடியாது.

அதற்கும் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இன்னொரு சான்றும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில், வைகைக் கரையில், 2006ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோள் பூசலை, அதாவது மாடு கவரும் சண்டையைச் சொல்கிறது. கம்பத்துக்கு அப்பால் இருக்கும் நம் கூடலூர்தான் அது என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அந்தக் கல்லில் அரசன் இல்லை. பேடு என்ற ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவன் என்ற ஒரு மனிதனின் பெயர் இருக்கிறது. மாட்டுக்காகச் செத்தவனை ஊர் மறக்கவில்லை. செப்பேட்டைவிட இந்தக் கல்லையே நான் உயர்வாக மதிக்கிறேன். ஆனாலும் அந்தவன் அன்று என்ன கண்டான், பயந்தானா, பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதைக் கல் சொல்லாது.

நம் வயலுக்கு வரும் தண்ணீரிலும் இதே கதை இருக்கிறது. 1895ல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கிறோம், பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறோம். செய்ய வேண்டியதுதான். அந்தக் காட்டில் அவருக்குக் கீழே உழைத்தவர்களில் மதராஸ் பயனியர் படையின் 1ஆம், 4ஆம் பட்டாலியன் சிப்பாய்களும் உண்டு. மலேரியாவிலும் வெள்ளத்திலும் செத்தவர்கள் பலர். அவர்களில் ஒருவர் பெயர் சொல்லுங்கள் என்றால் இந்த மன்றத்தில் எத்தனை பேரால் முடியும்?

சிப்பாய் பேசினால் என்ன கிடைக்கும் என்பதற்கு வெளியே நல்ல சான்றுகள் இருக்கின்றன. முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்தார்கள். அது தெரிந்த சிப்பாய்கள் மறைபொருளில் எழுதினார்கள். கருமிளகு தீர்ந்துபோயிற்று, இப்போது செம்மிளகைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஊருக்குத் தகவல் போனது. கருமிளகு நம்மவர்கள், செம்மிளகு வெள்ளையர்கள். குமுளி மலையில் மிளகு பறிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கடிதங்களில் பெரும்பாலானவற்றின் மூலம் இன்று இல்லை. தணிக்கைக்காரர்கள் ஆங்கிலத்தில் எடுத்து வைத்த பகுதிகளே மிஞ்சின. சிப்பாயின் சொல்லைக் காப்பாற்றித் தந்தது அவனைச் சந்தேகித்த அலுவலகம்.

ஜெர்மனியில் பெர்லினுக்கு அருகே போர்க் கைதிகள் முகாம் ஒன்று இருந்தது. மொழி ஆராய்ச்சிக்காக அங்கிருந்த இந்தியர்களின் குரலை இசைத்தட்டில் பதிந்தார்கள். 1916 டிசம்பரில் மால் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய் ஒலிப்பதிவுக் குழலுக்கு முன் நின்று பேசினார். ஊரில் வெண்ணெய் தின்று வாழ்ந்த ஒருவன் போருக்கு வந்தான், ஜெர்மானியரிடம் பிடிபட்டான், திரும்பிப் போனால்தான் அவனுக்கு அந்தச் சாப்பாடு கிடைக்கும் என்று யாரோ ஒருவன் கதையைப் போலத் தன் கதையைச் சொன்னார். அந்தக் குரல் இன்றும் பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கிறது. நூறு ஆண்டுக்கு முந்தைய தமிழ்ச் சிப்பாயின் அப்படி ஒரு பேச்சுக்காக நான் ஏங்குகிறேன்.

நம்மவர்கள் போகாத களமா? 1944ல் இத்தாலியில் கண்ணிவெடி மேல் தன் உடம்பைப் போட்டுக் கூட்டாளிகளைக் காத்து, இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் மதராஸ் சாப்பர் என்ற பொறியியல் படைக்காரர். அதே ஆண்டு இம்பால், கோகிமா போர்களில் தமிழர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையில் சாப்பர்களாக ஒரு பக்கம், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இன்னொரு பக்கம். மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் அந்த ராணுவத்தில் சேர்ந்தார்கள். இம்பாலிலிருந்து பின்வாங்கும்போது பருவமழை கொட்டியது. அரிசி இல்லை. குண்டைவிட வயிற்றுப்போக்கும் மலேரியாவும் அதிகம் பேரைக் கொண்டுபோயின. 1972ல் தியாகி பென்ஷன் திட்டம் வந்தபோது, சிறையில் இருந்ததற்குச் சான்று எங்கே என்று படிவம் கேட்டது. சேற்றில் நடந்த நாட்களைப் பற்றி அது கேட்கவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதிக் கொடுத்துவிட்டு அந்தத் தலைமுறை போய்விட்டது.

அடுத்துச் சொல்லப்போவது நமக்குக் கடினமானது, ஆனால் தள்ளிவிட முடியாதது. 1987ல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் தமிழ்நாட்டுச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1,100 பேருக்கு மேல் திரும்பவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 25ல் இறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்கரம் கிடைத்தது. அதற்கு முந்தைய மாதம்தான் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் படையினரின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது. 1990 மார்ச்சில் படை சென்னைக்குத் திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழகத்தின் மனநிலை அப்படி இருந்தது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

ஆனால் நம் ஊர்ச் சிப்பாயை எண்ணிப் பாருங்கள். சோதனைக்குப் போன வீட்டில் ஒரு தாய் அழுது சொன்னது வடநாட்டுச் சிப்பாய்க்குப் புரியாத ஓலம். தமிழ்ச் சிப்பாய்க்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஊருக்கு வந்தபின் அதை அவர் யாரிடம் சொல்வார்? வீரம் பேசினால் துரோகி என்பார்கள், வருத்தம் பேசினால் படைக்கு விரோதம் என்பார்கள். ஆகவே லீவில் வந்த கதை, லங்கரில் ரொட்டி தின்ற கதை, காஷ்மீர்ப் பனிக்கதை எல்லாம் சொன்னார், இதை மட்டும் விட்டுவிட்டார். எதிர்ப்பக்கத்தில், விடுதலைப் புலிகள் இயக்கத்தைச் சேர்ந்த மலரவன் என்ற இளைஞர், அமைதிப்படை திரும்பியபின் இலங்கைப் படையோடு நடந்த 1990 மாங்குளம் போரைப் பற்றி 'போர் உலா' எழுதினார், 1992ல் களத்திலேயே இறந்தார். அவர் சார்ந்த இயக்கத்தைப் பற்றி யார் என்ன கருத்துக் கொண்டிருந்தாலும், களத்தில் நின்றவரே தமிழில் எழுதியது அது. அமைதிப்படைத் தமிழ்ச் சிப்பாயின் நூலும் அதன் பக்கத்தில் இருந்தால்தான் அந்தப் போர்க்காலத்தை நாம் முழுதாக அறிந்தவர்களாவோம்.

கேட்பது எப்படி என்றும் சொல்ல வேண்டும். "எத்தனை பேரைச் சுட்டீங்க தாத்தா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி வந்ததும் அவர் எழுந்து போய்விடுவார். எந்தப் பூட்ஸ் போட்டிருந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், பங்கரில் கூட இருந்தவர் எந்த ஊர், வீட்டுக் கடிதம் எத்தனை நாளில் வந்தது என்று கேளுங்கள். வாழைத்தோப்பு வெயிலில் வளர்ந்தவர் 1962 சீனப் போரில் குளிருக்கேற்ற உடை இல்லாமல் இமயமலையில் நின்றிருக்கிறார். விரல் மரத்துப்போனதிலிருந்து அவர் தொடங்குவார், மற்றது தானாக வரும். தேதி தவறினால் நடுவில் திருத்தாதீர்கள், டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். அவர் பேச்சை மேடைத் தமிழுக்கு மாற்றாமல், நம் பள்ளத்தாக்குப் பேச்சாகவே எழுதுங்கள். வீட்டு அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். இரவில் அவர் அலறி எழுந்ததைச் சொல்லக்கூடியவர் அந்த அம்மா ஒருவரே. பேச மறுத்தால் வற்புறுத்தாமல் வந்துவிடுங்கள். மௌனம் அவருடைய உரிமை.

1962ல் இருபது வயதானவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. 1971ல் களத்தில் நின்றவர்கள் எழுபதைக் கடந்துவிட்டார்கள். இலங்கைக்குப் போனவர்கள் இன்னும் நம் டீக்கடையில், வங்கி வாசலில் காவலாளி உடுப்பில், இருபோக வயல் வரப்பில் நம்மோடு இருக்கிறார்கள். மாணவர்களே, உங்கள் ஒவ்வொருவர் கையிலும் குரலைப் பதியும் போன் இருக்கிறது. வரும் விடுமுறையில் உங்கள் தெருப் பட்டாளத்து மாமாவிடம் போய் உட்காருங்கள். அவர் சம்மதத்தோடு பதியுங்கள், எழுதி அவருக்கே படித்துக் காட்டுங்கள், ஒரு படியைச் சின்னமனூர் நூலகத்தில் கொடுத்து வையுங்கள். இந்த நிகழ்ச்சியை நடத்தும் அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆண்டு இந்த மேடையில் என்னைப் போன்ற ஒருவரை ஏற்றாமல், ஓய்வு பெற்ற ஒரு சிப்பாயைப் பேச அழையுங்கள்.