சாராள் அன்று காலை விழித்திருந்தாளா?



ஆதியாகமத்தின் 22ஆம் அதிகாரத்தில், முதல் 19 வசனங்களுக்குள் ஒரு பெருங்கதை முடிந்துவிடுகிறது. மகனைப் பலியிடச் சொல்லிக் கட்டளை வருகிறது. ஆபிரகாம் விடியற்காலையில் எழுகிறான், கழுதைக்குச் சேணம் கட்டுகிறான், விறகு பிளக்கிறான், வேலைக்காரர் இருவரையும் மகன் ஈசாக்கையும் கூட்டிக்கொண்டு மோரியாவுக்குப் புறப்படுகிறான். சேணத்துக்கு இடம் இருக்கிறது, விறகுக்கு இடம் இருக்கிறது. பெற்றவளுக்கு இடம் இல்லை. சாராள் என்ற பெயரே இந்தப் பகுதியில் வரவில்லை. அடுத்த அதிகாரத்தைத் திறந்தால் 127 வயதில் அவள் இறந்த செய்திதான் முதலில் நிற்கிறது. விறகு பிளந்த சத்தம் அவள் காதில் விழுந்ததா? அவளிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்? இதைக் கேட்க நூலுக்கு வெளியே போக வேண்டியதில்லை. நூலே விட்டுவைத்த இடம் இது. அந்த இடத்தில் நாலு பேராகப் போய் நின்று பார்க்கிற ஒரு முறையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பிப்லியோடிராமா என்பார்கள். தமிழில் மறைநூல் பாத்திரமேற்பு என்று வைத்துக்கொள்வோம். பெயர் கொஞ்சம் கரடுமுரடு, செயல் எளிது.

பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்காருகிறார்கள். நடத்துபவர் ஒரு சிறு பகுதியை வாசித்து, ஓரிடத்தில் நிறுத்துகிறார். “இப்போது நீங்கள் சாராள். முற்றத்தில் கழுதை நிற்கிறது. என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்கிறார். விரும்பியவர் ‘நான்’ என்றே தொடங்கிப் பேசுகிறார். விரும்பாதவர் வாய் திறக்காமல் இருக்கலாம், அதுவும் பங்கேற்புதான். ஒருவர் சொன்னதை நடத்துபவர் அவர் மனம் புரிந்து திருப்பிச் சொல்கிறார், தேவையானால் இன்னொரு கேள்வி கேட்கிறார். இப்படி ஒரே சாராளுக்கு ஐந்தாறு குரல்கள் எழும். யார் சொன்னது சரி என்று தீர்ப்பு கிடையாது. முடிவில் எல்லோரும் வேடத்தை இறக்கிவைத்துவிட்டு, தங்கள் சொந்தப் பெயரில், பேசியவற்றைச் சேர்ந்து அசைபோடுகிறார்கள். இதன் வேரில் யாக்கோப் மொரேனோ இருக்கிறார்: 1889இல் புக்காரெஸ்டில் பிறந்து, வியன்னாவில் முன்னேற்பாடு இல்லாத நாடகங்களை நடத்தி, பின்னால் அமெரிக்கா சென்று உளநாடகம் என்ற சிகிச்சை முறையை வளர்த்தவர். அதைப் பயின்ற பீட்டர் பிட்சலே, 1980களில் நியூயார்க்கின் யூத இறையியல் கல்லூரி வகுப்பறைக்குள் இதைக் கொண்டுபோனார். ஜெர்மனியில் கெர்ஹார்ட் மார்செல் மார்ட்டின் போன்றவர்கள் இதே பெயரில் தனிக் கிளை வளர்த்தார்கள்.

என் வாதம் ஒன்றே ஒன்று. பாத்திரமேற்பதால் நூல் தளர்ந்துபோகாது. வாசிப்பவர்தான் நூலோடு இறுக்கிக் கட்டப்படுகிறார். மலையேறும்போது ஈசாக்கு தகப்பனிடம் கேட்கிறான்: நெருப்பு இருக்கிறது, விறகு இருக்கிறது, ஆட்டுக்குட்டி எங்கே? கடவுள் பார்த்துக்கொள்வார் என்கிற பொருளில் ஆபிரகாம் விடை சொல்கிறான். எபிரேய மூலத்தில் மகனை விளிக்கும் சொல் அந்த விடையின் கடைசியில் நிற்கிறது. அதை வெறும் விளியாகவும் கேட்கலாம். ஆட்டுக்குட்டி யார் என்பதற்கான பதிலாகவும் கேட்கலாம். மௌனமாகப் படிக்கிற கண் இந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடும். ஈசாக்காக நிற்கிறவருக்கு அந்த வசதி இல்லை. ‘அப்பா சொன்னதில் எனக்கு என்ன கேட்டது?’ என்று அவர் முடிவுசெய்தாக வேண்டும். முடிவுசெய்ய வேண்டுமானால் சொல் எந்த வரிசையில் நிற்கிறது, விறகு யார் தோளில் இருக்கிறது, கத்தி யார் கையில் இருக்கிறது என்று திரும்பத் திரும்ப நூலைப் பார்த்தாக வேண்டும். விறகு மகன் மேல். நெருப்பும் கத்தியும் தகப்பன் கையில். நூறு முறை கேட்ட கதையில் இந்தப் பங்கீட்டைக் கவனித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

மறைநூலின் வாயில் நம் சொல்லைத் திணிப்பது அபசாரம் இல்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதைப் பக்தியோடுதான் கேட்கிறார்கள். ஆனால் பக்தர்களே இதை நெடுங்காலமாகச் செய்துவந்திருக்கிறார்கள். பாஸ்கா இரவில் யூதக் குடும்பங்கள் வாசிக்கும் ஹகதா, எகிப்திலிருந்து தானே புறப்பட்டதாக ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும் தம்மைக் கருத வேண்டும் என்று விதிக்கிறது. ஈராக் யூதர் வீடுகளில் புளிப்பில்லா ரொட்டியைத் துணியில் முடிந்து தோளில் தொங்கவிட்டு, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்டுப் பதில் சொல்லும் வழக்கமே உண்டு. சாராளின் மௌனத்தை, மித்ராஷ் எனப்படும் யூத மறைநூல் விளக்கங்களின் ஆசிரியர்களும் சும்மா விடவில்லை. மலையில் நடந்ததைக் கேள்விப்பட்ட அதிர்ச்சியில்தான் அவள் உயிர் பிரிந்தது என்றது அங்கே ஒரு மரபு. இயேசு சபையை நிறுவிய இக்னாசியுஸ் லொயோலா, தம் ஆன்மிகப் பயிற்சிகளில், இயேசு பிறந்த இடத்தில் ஓர் எளிய வேலையாளாகத் தன்னை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். நம் பக்கம் வந்தால், நம்மாழ்வார் 1102 பாசுரங்கள் பாடிய திருவாய்மொழியில் சில பதிகங்களைத் தலைவியாக நின்றும், சிலவற்றைத் தாயாக, தோழியாக நின்றும் பாடியிருக்கிறார். அதற்கு நம்பிள்ளை சொன்ன ஈடு என்ற உரை அங்கெல்லாம் பேசுகிறவள் யார், எந்த நிலையில் பேசுகிறாள் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் பொருள் சொல்லப் புகுகிறது. குரல் யாருடையது என்று தெரியாமல் பொருள் இல்லை என்பது உரையாசிரியர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதைவிடக் கடுமையான மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது. பவேரியாவின் ஓபராம்மர்காவ் கிராமம் கொள்ளைநோய்க் காலத்தில் செய்த நேர்த்திக்கடனாக 1634 முதல் இயேசுவின் பாடுகளை நடித்துவருகிறது. ஊரே பாத்திரமேற்கிறது, பார்க்க உலகமே வருகிறது. அந்த மேடை பல தலைமுறைகளாக யூதர்களைக் கொடியவர்களாகக் காட்டியது. 1934இல் ஹிட்லர் வந்து பார்த்தார், மெச்சினார். கூட்டமாக மறைநூலை நடித்தால் வெறுப்பும் விளையும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இதை மழுப்ப நான் விரும்பவில்லை. ஆனால் என்ன கோளாறு என்று பாருங்கள். வசனம் முன்கூட்டியே எழுதி முடிக்கப்பட்டது. யூதக் கூட்டத்தில் நின்றவருக்கு அந்தக் கூட்டத்துக்குள் தனியாக ஒரு குரல் இல்லை. இறக்கிவைத்து அசைபோடும் வேளை மேடையில் கிடையாது. பிற்காலத்தில் அந்த ஊர், விமரிசனங்களைக் கேட்டு, நாடகப் பிரதியைப் படிப்படியாகத் திருத்தியது. மருந்து எங்கே இருந்தது என்பதற்கு அதுவே சான்று. நடிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு கலந்தாய்வை விட்டுவிட்டால், இந்த முறையும் அதே குழியில் விழும். இதற்கு மாறாக, வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் விழாவில், தரையில் நீட்டிப் படுக்கவைத்த துரியோதனன் மண் உருவத்தைச் சுற்றிப் படுகளம் என்ற போர்க்களச் சடங்கு நடக்கும்போது, தோற்றவனுக்கும் ஒப்பாரி ஒலிக்கிறது. எதிரியின் வீட்டு அழுகையைக் களத்துக்குள் விட்ட அந்த ஊர்க்காரர்களுக்கு ஏதோ புரிந்திருக்கிறது.

நம்மிடம்தான் பட்டிமண்டபம் இருக்கிறதே, வாலி வதம் சரியா தவறா என்று வழக்காடாத ஊர் உண்டா என்று இங்கே சிலர் முணுமுணுப்பது தெரிகிறது. 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தின் வழி வந்த சொத்து அது, குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அங்கே நாம் வாலிக்காக வாதாடுகிறோம். வாலியாக விழுந்து கிடப்பதில்லை. வழக்கறிஞருக்கு ஒரு கட்சி உண்டு, நடுவருக்கு ஒரு தீர்ப்பு உண்டு, கைதட்டலுக்கு ஒரு கணக்கும் உண்டு. வாலியின் மனைவி தாரையின் இடத்தில் நிற்கிறவருக்கு இவை எதுவும் உதவாது.

இது படிப்பா, மனநலச் சிகிச்சையா என்றும் கேட்கிறார்கள். எல்லை மெல்லியது, ஒப்புக்கொள்கிறேன். பிள்ளையை இழந்த ஒருவரைச் சாராளாக நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பது கொடுமை. அதனால்தான் மௌனத்துக்கு உரிமை, நடத்துபவருக்குப் பயிற்சி, கடைசியில் வேடம் கழற்றும் சடங்கு. ஜெர்மனியில் ஊட்டா போல்-படலோங் வளர்த்தெடுத்த பிப்லியோலோக் என்ற சுருக்க வடிவத்தில் ஒரு நல்ல ஒழுங்கு இருக்கிறது: எத்தனை குரல்கள் எழுந்தாலும், முடிவில் அந்தப் பகுதியை உள்ளது உள்ளபடி ஒருமுறை வாசித்துவிடுவார்கள். பேச்சு நம்முடையது, நூல் நூலுடையது. எல்லாப் பகுதிக்கும் இந்த முறை பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லேவியராகமத்துப் பலி அளவுகளை வைத்துக்கொண்டு யார் என்ன பாத்திரம் ஏற்பது?

மலையடிவாரத்தில் கழுதையோடு காத்திருந்த அந்த வேலைக்காரர் இருவரை மறந்துவிடாதீர்கள். நூல் அவர்களுக்குப் பெயர் வைக்கவில்லை. வழிபட்டுவிட்டு இருவரும் திரும்பி வருவோம் என்று அவர்களிடம் ஆபிரகாம் சொல்லிவிட்டுப் போனான். 19ஆம் வசனத்தில் ஆபிரகாம் அவர்களிடம் திரும்பி வருகிறான். ஈசாக்கு கூட வந்தானா என்று அந்த வசனம் சொல்லவில்லை. மலையிறங்கி வந்தது ஒருவரா, இருவரா என்று கண்ணால் பார்த்தவர்கள் அந்த இரண்டு பேர்தான். அடுத்த அமர்வில் நாற்காலிகளை வட்டமாகப் போடுகிறோம். அவர்களிடமிருந்து தொடங்குவோம்.