நமைச்சலும் நரம்பும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் நமைச்சலைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கலாம். சேர்வராயன் மலையில் காப்பிச் செடிகளுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் இடையே உழைத்து வாழும் நமக்கு இது அயலான பொருளன்று. செந்தட்டி என்னும் காஞ்சொறி காலில் உரசினால் என்ன நேரும் என்பதை ஏற்காட்டின் சிறு பிள்ளையும் அறியும். ஆயினும் தலைவலி என்றால் மருந்து கேட்கும் நாம், சொறி என்றால் அதை மறைக்கிறோம். ஏன்? ‘அழுக்கு’ என்னும் ஒரே சொல்லால் உலகம் அதைத் தீர்த்துக் கட்டிவிடுகிறது. சொறி கண்ட நம் பிள்ளைகள் வகுப்பறையின் கடைசி வரிசைக்கு அனுப்பப்பட்டதை நம்மில் பலர் அறிவோம். பிறப்பைக் காட்டி ஒதுக்கியவர்களுக்குத் தோலில் கண்ட தடிப்பு மேலும் ஒரு சாக்காயிற்று. ஆகவே, நமைச்சல் என்பது யாது, அதை அடக்கும் வழியை அறிவியல் எவ்வாறு தேடிற்று என்பதை நாம் தெளிவாக அறிதல் வேண்டும்.

நமக்குப் பழக்கமான ஒரு கொடியிலிருந்து தொடங்குவோம். புதர்களில் படரும் பூனைக்காலியின் காய்மேல் பொன்னிறச் சுணை இருக்கும். அது தோலில் பட்டால் தாங்கொணா அரிப்பு எடுக்கும். அதே கொடியின் விதையிலிருந்து 1937-ஆம் ஆண்டு சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் இரு வேதியியல் அறிஞர்கள் எல்-டோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோய்க்கு இன்றும் முதன்மை மருந்தாக விளங்குவது அப்பொருளே. சுணையையும் அறிஞர்கள் விட்டுவைக்கவில்லை. அதில் உள்ள மியூக்குனைன் என்னும் நொதியே அரிப்பை எழுப்புகிறது என்பதை 1955-இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். கொசுக்கடியில் தோன்றும் அரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஹிஸ்டமின் என்னும் பொருள். பூனைக்காலியின் அரிப்போ ஹிஸ்டமினைச் சார்ந்ததன்று. வேறு நரம்பிழைகளின் வழியே செல்வது. ஹிஸ்டமினைத் தடுக்கும் அவில் போன்ற மாத்திரை எல்லா அரிப்பையும் ஏன் தணிப்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

நமைச்சல் என்பது மெலிந்த வலியே என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1997-இல் மனிதத் தோலிலேயே அரிப்புச் செய்தியைக் கொண்டு செல்லும் தனி நரம்பிழைகளை ஜெர்மானிய ஆய்வாளர் கண்டறிந்தனர். 2007-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சௌஃபெங் சென் என்பாரின் குழுவினர், அரிப்புக்கென்றே தண்டுவடத்தில் ஓர் ஏற்பி இருப்பதை எலிகளில் காட்டினர். ஏற்பி என்பது உயிரணுவின் மேலுள்ள பூட்டு எனலாம். அதற்குப் பொருந்தும் சாவி வந்து சேர்ந்தால்தான் உயிரணு தன் செயலைத் தொடங்கும், அல்லது நிறுத்தும்.

இனி அபினிக்கு வருவோம். அபினியிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்தவர் செர்ட்டியூர்னர் என்னும் ஜெர்மன் மருந்தாளுநர். காலம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மார்பின் பொருந்தும் ஏற்பி நம் உடலில் உண்டு என்பதை 1973-இல் பால்டிமோர், நியூயார்க், உப்சாலா ஆகிய மூன்று நகரங்களின் ஆய்வுக்கூடங்கள் தனித்தனியே மெய்ப்பித்தன. செடியின் பாலுக்குரிய பூட்டு மனித உடலில் எதற்கு? உடலே அத்தகைய சாவிகளைச் செய்துகொள்கிறது என்பதே விடை. 1975-இல் அபர்டீன் நகரில் ஹியூசும் காஸ்டர்லிட்சும் என்கெஃபலினைக் கண்டனர். 1979-இல் கோல்ட்ஸ்டீன் என்பாரின் குழு டைனார்பினைக் கண்டது.

இவ்வேற்பிகள் பல வகையின. நம் பொருளுக்கு வேண்டியவை இரண்டு: ஒன்று மியூ, மற்றொன்று காப்பா. காப்பி விளையும் மலையில் வாழும் நமக்குக் காப்பா என்னும் பெயர் மறவாது! மார்பின் பெரிதும் மியூவைத் திறக்கிறது. வலி அடங்குகிறது, ஆனால் பலருக்கு அரிப்பு எழுகிறது. பிள்ளைப் பேற்று அறுவைக்காக முதுகுத் தண்டில் மார்பின் செலுத்தப்பெற்ற தாய்மார் சிலர் முகத்தையும் மார்பையும் சொறிந்துகொள்வது இதனாலேயே. அவர்களுக்கு ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரை அவ்வளவாகப் பயன் தருவதில்லை. மியூவை அடைக்கும் நாலோக்சோனோ, மியூவை அடைத்துக் காப்பாவைத் திறக்கும் நால்புஃபினோ சிறு அளவில் பயன் தருகின்றது. கல்லீரலில் பித்தம் தேங்குவதால் வரும் அரிப்புக்கும் மியூவை அடைக்கும் நால்ட்ரெக்சோன் வழங்கப்படுவதுண்டு.

காப்பாவின் செயல் இதற்கு நேர் எதிர். 2014-இல் பிட்ஸ்பர்க் நகரில் சாரா ராஸ் என்னும் பெண் அறிஞரின் குழுவினர், தண்டுவடத்தில் டைனார்பினைச் சுரந்து அரிப்பை அடக்கும் நரம்பணுக்கள் உள்ளமையைக் காட்டினர். அவ்வணுக்கள் இல்லாத எலிகள் ஓயாது சொறிந்தன. காப்பாவைத் திறக்கும் மருந்து தந்தபோது எலிகளின் அரிப்பு தணிந்தது. வண்டிக்கு விசைமிதியும் தடைமிதியும் போல, அரிப்புக்கு மியூவும் காப்பாவும் அமைந்துள்ளன எனலாம்.

இவ்வறிவு யாருக்குப் பயன்படுகிறது? சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்வோரில் பலரை ஓயாத அரிப்பு வாட்டுகிறது. இரவெல்லாம் உறக்கமில்லை, சொறிந்து சொறிந்து தோல் புண்ணாகிறது. அவர்களுக்காகக் காப்பாவைத் திறக்கும் நால்ஃபுராஃபின் என்னும் மருந்துக்கு 2009-இல் ஜப்பான் ஒப்புதல் அளித்தது. காப்பா மருந்து மூளைக்குள் மிகுதியாகச் சென்றால் மயக்கமும் மனச்சோர்வும் தரும். எனவே மூளைக்குள் எளிதில் புகாத டைஃபெலிகெஃபாலின் என்னும் மருந்து உருவாயிற்று. டயாலிசிஸ் முடியும் நேரத்தில் ஊசியாகச் செலுத்தப்படும் இதற்கு 2021-இல் அமெரிக்கா ஒப்புதல் வழங்கியது. பூட்டைக் கண்ட 1973-ஆம் ஆண்டுக்கும் இதற்கும் இடையே 48 ஆண்டுகள்! நமைச்சல்தானே என்று எள்ளாமல், பொறுமையோடு பலர் உழைத்ததன் பயன் இது.

இங்கு ஓர் எச்சரிக்கை. இம்மருந்துகள் எல்லா அரிப்புக்கும் உரியன அல்ல. தாமே வாங்கி உண்ணத் தக்கனவும் அல்ல. நம் வீடுகளிலும் மாணவர் விடுதிகளிலும் பரவும் சிரங்குக்குக் காரணம், தோலைத் துளைத்து வாழும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு பூச்சி. நாள்தோறும் குளிப்பவரையும் அது பற்றும். நெருங்கி உறங்கும் இடத்தில் எளிதில் பரவும். இடநெருக்கடி அதற்குத் துணை. சாதியோ குணமோ அன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்ட நோய் என்னும் சொல்லின் பொருள் நமக்கு நன்கு விளங்கும். மருத்துவர் கூறும் வண்ணம் பெர்மெத்ரின் களிம்பை வீட்டில் உள்ளோர் அனைவரும் ஒரே நாளில் பூசி, ஒரு வாரம் கழித்து மீண்டும் பூசி, துணிகளை வெந்நீரில் துவைத்தால் அது நீங்கும். பூச்சி ஒழிந்த பின்னும் சில வாரம் அரிப்பு இருக்கலாம், அஞ்ச வேண்டா. கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்போ நோயை மறைத்து வளர்த்துவிடும்.

தோலில் ஒன்றுமில்லாமல் பல வாரங்களாக உடலெங்கும் அரித்தால், அது சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் குறையைச் சொல்லும் தூதாகவும் இருக்கலாம். வெட்கப்பட்டு மறைத்தால் தூது வீணாகும். ஏற்காட்டு அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தேவையெனின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குச் செல்லுங்கள். ஆசிரியப் பெருமக்களே, சொறியும் பிள்ளையைக் கண்டால் கடைசி வரிசையைக் காட்டாதீர்கள், மருத்துவரைக் காட்டுங்கள்.

இளைஞர்களே! பூனைக்காலியின் சுணையை நம் முன்னோர் தோலால் அறிந்தனர். அதை ஆய்வுக்கூடத்தில் அறியும் காலம் உங்களுடையது. 2020-ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. மருந்தாளுநர் பட்டயப் படிப்பும் பட்டப் படிப்பும் உண்டு. அதன் மேல் மருந்தியல் ஆய்வும் உண்டு. எந்தத் துன்பத்தை ஆராய வேண்டும் என்பதை, அத்துன்பத்தை அறிந்தவர் தேர்ந்தெடுத்தால்தான் புறக்கணிக்கப்பட்ட நோய்கள் என்னும் பட்டியல் குறுகும். நம் சங்கம் அடுத்த 25 ஆண்டுகளில் அத்தகைய ஆய்வாளர் சிலரையேனும் இம்மலையிலிருந்து உருவாக்குமாயின், அதுவே இவ்விழாவின் உண்மைப் பயனாகும்.