பச்சை இலைப் படமும் நமது சம்பளப் பணமும்

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்தக் கொரோனாக் காலத்தில், ஒரு முறை பயன்படுத்தி எறியும் முகக்கவசங்களும் உணவுப் பொட்டலங்களும் குப்பையாகக் குவிந்தன. அதன் பிறகு, சுற்றுச்சூழலைக் கெடுக்காத பொருள்களைத் தேடி வாங்குவோரைக் கடைகளில் காண்கிறோம். அவர்களைத் தூண்டுவது எது?

முதலாவது, உடல்நலம் பற்றிய அச்சம். நோய்க்கு அஞ்சிய மனம், குடிக்கும் நீரையும் சுவாசிக்கும் காற்றையும் பற்றிக் கவலைப்படத் தொடங்குகிறது. இரண்டாவது, அக்கம்பக்கம். பக்கத்து வீட்டு அக்கா துணிப்பையோடு கடைக்குப் போனால், நமக்கும் அதே எண்ணம் வருகிறது.

மூன்றாவது, காசு. பினாங்கில் 2009ஆம் ஆண்டு வாரத்தில் ஒரு நாள் மட்டும் இலவசப் பிளாஸ்டிக் பையை நிறுத்தினார்கள். 2011 முதல் எல்லா நாளும் நிறுத்தினார்கள். பை வேண்டுமானால் அப்போது 20 காசு கொடுக்க வேண்டியிருந்தது. சிலாங்கூரும் 2017இல் அவ்வாறே செய்தது. சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை 3 முதல் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு. இவை சிறு தொகைகளே. ஆயினும், கடைக்காரர் கேட்கும்போதுதான் வீட்டில் மடித்து வைத்த பை நம் நினைவுக்கு வருகிறது!

ஆனால், அச்சம் உள்ள இடத்தில் வியாபாரமும் நுழையும். புட்டியில் பச்சை இலைப் படம் இருப்பதாலேயே உள்ளே இருப்பது நல்ல பொருளாகிவிடாது. ‘இயற்கை’ என்று அச்சிட்டு விலையை ஏற்றினால், நாம் கொடுப்பது வியர்வை சிந்திய பணமல்லவா? எதனால் செய்தது, எத்தனை முறை பயன்படும், மீண்டும் நிரப்பிக்கொள்ள முடியுமா என்று கேட்போம். மலேசியாவில் ‘மைஹிஜாவ்’ என்னும் பசுமை முத்திரை உண்டு. அது இருக்கிறதா என்றும் பார்ப்போம்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். துணிப்பை செய்யவும் பருத்தியும் நீரும் வேண்டும். ஆகவே, புதுப்புதுப் பைகளாக வாங்கிக் குவிப்பதில் பயனில்லை. ஒரே பையைக் கிழியும்வரை பயன்படுத்துவதே சிக்கனம். நம் பெரியவர்கள் தூக்குச்சட்டியில் தேநீர் கொண்டு பால்மரம் வெட்டப் போனார்கள். பல்லாண்டு உழைத்த அந்தச் சட்டிக்குப் பசுமை முத்திரை எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்த சம்பள நாளில் கடைக்குப் புறப்படுமுன், வீட்டில் இருப்பதை முதலில் பார்ப்போம். இல்லாததை மட்டும் விசாரித்து வாங்குவோம்.